ஒன்பதாம் பத்தி

முதல் பத்தி நிறைவேறிவிட்டது. எதிர்ப்பு உண்டா, இல்லை, டொக். மேடையில் இருந்த கூட்டத் தலைவர், உருகுவே நாட்டுக்காரர், மரச்சுத்தியலை ஒரே ஒரு தடவைதான் தட்டினார், அதற்குள் அமலோற்பவம் மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். இன்னும் எட்டு. எட்டு டொக். ஒன்பதாவது பத்தி அவளுடையது. ஜெனீவாவின் இந்தப் பெரிய மண்டபத்தில் இணையத்துக்கான ஓர் உலக உடன்படிக்கைக்காக நூற்று முப்பது நாட்டுக்காரர்கள் காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அந்தப் பத்தியின் இரண்டாவது வாக்கியத்தை எழுதியது தூத்துக்குடியில் பிறந்த ஓர் அமலோற்பவம் என்று அவர்களில் பத்துப் பேருக்குத் தெரிந்தால் அதிகம். தெரிய வேண்டாம். தாளில் ‘கொர்வேல் தீவின் முன்மொழிவு’ என்று இருக்கிறது, அது போதும். உலகப்படத்தில் பேனா முனை பட்டால் மறைந்துவிடுகிற தீவு. கல்யாணமாகிப் போன நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக அவள் வீடு. அந்தத் தீவுக்கு இங்கே இரண்டு நாற்காலி. முன்னால் தூதர் சொக்கலிங்கேன், அவர் தோளுக்குப் பின்னால் அவள், தொழில்நுட்ப ஆலோசகர். குளிர்க்காற்று எங்கிருந்தோ வந்து கணுக்காலில் ஊதுகிறது. காதுக்கருவியின் பஞ்சு அரிக்கிறது. சொறிந்துகொள்ளத் தோன்றவில்லை, கையை அசைத்தால் ஏதாவது கலைந்துவிடும் போல இருக்கிறது. ஊரில் அவள் பார்க்கும் வேலையைக் கேட்கிறவர்களுக்கு அவள் எப்போதும் இப்படித்தான் சொல்வாள்: இந்தியாவுக்கு டாட் இன் என்று இருக்கிறதே, அதுபோல ஒவ்வொரு நாட்டுக்கும் இணையத்தில் ஒரு இரண்டெழுத்து வால். அந்த வாலில் முடிகிற பெயரெல்லாம், ஆஸ்பத்திரி, பத்திரிகை, பேக்கரி, பள்ளிக்கூடம், எல்லாம் ஓர் அலுவலகத்துப் பட்டியலில் இருக்கும். எங்கள் தீவின் பட்டியல் எங்கள் அலுவலகத்தில். அதிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட்டால் அந்தத் தளத்துக்குப் போகும் வழி உலகத்துக்கே அடைபட்டுப்போகும். அந்தப் பட்டியலை இனி அந்தந்த நாட்டு அரசாங்கமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது ஒன்பதாம் பத்தியின் முதல் வாக்கியம். வைத்துக்கொள், ஆனால் பெயருக்கு உரியவருக்கு எழுத்தில் தெரிவிக்காமல், நீதிமன்ற உத்தரவு இல்லாமல், ஒரு பெயரையும் எடுக்காதே என்கிறது இரண்டாவது. அவ்வளவுதான். பதினொரு நாளாக அவள் சரியாகச் சாப்பிடாமல் காவல் காத்தது இந்த ஒரு வாக்கியத்தை.

இரண்டாம் பத்தி, டொக். மூன்றாம் பத்தி, யாரோ ஒருவர் இருமினார், இருமலை எதிர்ப்பென்று எடுத்துக்கொள்ளவில்லை என்று தலைவர் சொன்னார், மண்டபம் சிரித்தது, டொக். சிரிப்பு. முதல் நாள் அந்த வாக்கியத்தைத் தூதர் படித்தபோதும் ஒரு சிரிப்பு வந்தது. மூன்றாவது வரிசையில் சாம்பல் தாடிக்காரர், ஒரு பெரிய நாட்டின் பிரதிநிதி, பெயரைச் சொல்லாமலே ஊர் வழிவிடுகிற நாடு, வாயைத் திறக்காமல் தோளை மட்டும் குலுக்கிச் சிரித்தார். அப்புறம் ஒலிவாங்கியை இழுத்து, மீன் பிடிக்கிற தீவு ஒன்று எங்கள் நீதிமன்றங்களுக்கு வகுப்பு எடுக்க வந்திருப்பதில் மகிழ்ச்சி என்றார். அன்றைக்கு அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. மூன்றாம் நாள் ஐந்து தீவுகள் சேர்ந்தன. ஆறாம் நாள் இருபத்து மூன்று நாடுகள். ஒவ்வொன்றுக்கும் அவளே போய் நின்றாள், கழிவறை வாசலில், லிஃப்டுக்குள், மழையில் பஸ் நிறுத்தத்தில், ஒரு ஆப்பிரிக்கப் பிரதிநிதியின் குடைக்குள் பாதியாக நுழைந்து நின்றுகொண்டு, உங்கள் ஊரில் நாளைக்கு ஆட்சி மாறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் வேலை செய்தது. இன்றைக்கு ஆட்சியில் இருக்கிறவனுக்கும் நாளைக்கு எதிர்க்கட்சியாகிவிடுவோமோ என்று உள்ளூர ஒரு பயம். ஒன்பதாம் நாள் அறுபத்தொன்று. அறுபத்தொன்று! இரண்டாவது வாக்கியம் இல்லையென்றால் முதல் வாக்கியமும் இல்லை என்று அறுபத்தொரு நாடு எழுதிக் கொடுத்துவிட்டது, சாம்பல் தாடிக்காரருக்கோ முதல் வாக்கியம் வேண்டும், உயிரைக் கொடுத்தாவது வேண்டும். அப்போதுதான் அந்த ‘லாம்’ வந்தது. தாளில் இருந்தது ஆங்கிலம்தான், ஆனால் அவள் தலைக்குள் ஓடியது தமிழ். ‘எழுத்தில் தெரிவிக்க வேண்டும்’ என்பதை ‘தெரிவிக்கலாம்’ என்று ஆக்கிவிடுங்கள், நாங்கள் சம்மதிக்கிறோம் என்றார்கள். லாம். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது மாதிரி ஒரு லாம். தெரிவிக்கலாம் என்றால் தெரிவிக்காமலும் இருக்கலாம், கேட்கலாம் கேட்காமல் விடலாம், இருக்கலாம் இல்லாமல் போகலாம். காபி இயந்திரத்தின் முன்னால் தாடிக்காரர் அவளைப் பிடித்தார். “ஒரு சொல்லுக்காக இத்தனை பிடிவாதமா?” என்றார். “அந்த ஒரு சொல்லுக்காகத்தானே நீங்களும் பிடிவாதமாக நிற்கிறீர்கள்” என்றாள். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததென்று இப்போது நினைத்தாலும் புரியவில்லை. அவர் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், சர்க்கரை போடாத காபி, எதைக் கலக்கினாரோ. “நீங்கள் வக்கீலா?” “இல்லை, கம்ப்யூட்டர் வேலை.” “அதுதான். வக்கீலாக இருந்திருந்தால் எப்போதோ ‘லாம்’ போதும் என்றிருப்பீர்கள்.” மறுநாள் காலை வந்த திருத்திய தாளில் ‘வேண்டும்’ இருந்தது. அவள் அந்தத் தாளைக் கழிவறைக்கு எடுத்துப்போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு மூன்று தடவை வாசித்தாள். நான்காம் தடவை வாசிக்கும்போது குதித்துவிட்டாள், நாற்பத்து நாலு வயதில், செருப்பு டைலில் வழுக்கக் குதித்தாள்.

நான்காம் பத்தி, டொக். குதித்தது நேற்று. இன்றைக்கு மத்தியானம் அந்தக் குதியெல்லாம் வடிந்துபோனது. உணவகத்தில் தூதர் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. அதிகம் பேசவில்லை, கேட்டார், இரண்டு நிமிஷம் கேட்டார், ஏதோ ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். மூன்று தலைமுறைக்கு முன்னால் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கரும்பு வெட்டப் போன குடும்பம் அவருடையது. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் வகுப்பில் புத்தகம் பார்த்துப் படித்த தமிழ், அதனால் அவர் பேச்சில் கொச்சையே வராது, அச்சடித்த மாதிரி வரும். “அமலோற்பவம் அம்மையார்,” என்றார், “தலைநகரிலிருந்து செயலாளர் பேசினார். இரண்டாவது வாக்கியத்தை நாமே திரும்பப் பெற வேண்டுமாம்.” அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏன் சார்?” “காரணம் கூறவில்லை. காரணம் கூறாமல் இருப்பதற்குத்தான் அவர்கள் அமைச்சகத்தில் இருக்கிறார்கள்.” “நீங்க என்ன சொன்னீங்க?” “செவியில் விழுந்தது என்று சொன்னேன்.” அவ்வளவுதான், மீதி உருளைக்கிழங்கையும் சாப்பிட்டார். செவியில் விழுந்தது என்றால் என்ன அர்த்தம்? செய்கிறேன் என்றா, செய்யமாட்டேன் என்றா? கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தாள், இரண்டு தடவையும் தண்ணீர் குடித்தாள். முன்மொழிந்த நாடே பின்வாங்கினால் அறுபது நாடு எதற்கு நிற்கும்? ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினதில் அடியிலிருப்பதை உருவினால் மேலே எது நிற்கும்? ஐந்தாம் பத்தி, டொக். இங்கே பேச வேண்டுமானால் மேசையில் படுத்திருக்கிற பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான் சடங்கு. ‘கொர்வேல்’ என்று எழுதின பலகை அவர் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் படுத்திருக்கிறது. அவள் அந்தக் கையையே பார்க்கிறாள். புறங்கையில் புள்ளிகள், மோதிர விரலில் மோதிரம் கழற்றின வெளுப்பு. நாற்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்த கை, மேலிடம் போடச் சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்ட கை. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தானே கையெழுத்துப் போடுகிறார்கள். நாலாம் நாள் அவரே சொன்னார், அவர் கொள்ளுப்பாட்டன் சொக்கலிங்கம்தானாம், கப்பலிலிருந்து இறங்கினபோது துறைமுகக் குமாஸ்தா சொக்கலிங்கேன் என்று எழுதிவிட்டானாம். “என் முன்னோரை அவன் கேட்டானா? எழுத்தில் தெரிவித்தானா?” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே. அப்படிச் சிரித்தவர் பலகையை நிமிர்த்துவாரா? நிமிர்த்தலாம். நிமிர்த்தாமலும் இருக்கலாம். இதோ வந்துவிட்டது மறுபடியும், லாம்.

நிமிர்த்துவார் என்று ஏன் இத்தனை பயம், அவளும் ஒரு தடவை ஒரு வரி உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவள்தானே. ஆறாம் பத்தியை யாரோ நீளமாகப் பேசுகிறார்கள், காதில் பிரெஞ்சு ஓடுகிறது, கருவியில் மொழியை மாற்றத் தோன்றாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பிரெஞ்சுக்குள்ளிருந்து புயல் வருகிறது. மூன்று வருஷத்துக்கு முந்தின புயல். பதினொரு பேர் இறந்தார்கள் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது, ரேடியோவில் பதினொன்று, பேப்பரில் பதினொன்று. பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிற மார்லேன் என்கிற பெண் ஒரு தளம் ஆரம்பித்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் பட்டியல்; பெயர், வயது, ஊர், படகின் பெயர். நாற்பத்து மூன்று பேர். இருபத்தெட்டாவது பெயர் அவள் தம்பி ஜினோ, பத்தொன்பது வயது. ஒரு வெள்ளிக்கிழமை அமைச்சகத்திலிருந்து ஒரு வரி வந்தது, பொது அமைதி கருதி இந்தத் தளத்தின் பெயரை உடனே நீக்கவும். மேலதிகாரி விடுப்பில். அமலோற்பவம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மேசையில் பாதி கடித்த ரொட்டி இருந்தது. நீக்கினாள். அதற்கு ஆன நேரம் எச்சில் விழுங்குகிற நேரம்கூட இல்லை. இதுதான் அவளை விடுவதில்லை, கஷ்டமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கொஞ்சம் கை வலித்திருந்தால், ஏதாவது ஒன்று ‘நிஜமாகவா?’ என்று கேட்டிருந்தால். திங்கட்கிழமை மார்லேன் அலுவலகத்துக்கு வந்தாள், மடக்கின குடையிலிருந்து தண்ணீர் சொட்ட, வாசலிலேயே நின்றாள். “என் தம்பி பேரைப் பார்க்கலாம்னு திறந்தேன், அப்படி ஒரு பக்கமே இல்லைன்னு வருது. நான்தான் எங்கேயோ தப்பா அழுத்திட்டேன் போல” என்றாள். தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அமலோற்பவம் சொன்னாள், “இயந்திரக் கோளாறு, பார்த்துக்கிட்டிருக்கோம்.” வாயில் வந்தது அது. மார்லேன் தலையை ஆட்டினாள். “உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க” என்றாள். மன்னிச்சுக்குங்க. குடையை வெளியே போய் விரித்தாள். அப்புறம் யாரோ அவளுக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், சந்தையில் எதிரே வந்தால் இப்போது மீனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்கிறாள். மூன்று வருஷமாக அமலோற்பவம் பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, புருஷன் ஏதோ கேட்க ‘ம்’ என்று சொல்லும்போது, அந்த மன்னிச்சுக்குங்க வந்து தட்டும். அதிலிருந்துதான் இந்த வாக்கியம் பிறந்தது. எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால், அந்த வெள்ளிக்கிழமை முடியாது என்று ஒரு பதில் போட்டிருக்கலாம். போட்டிருப்பாளா? போட்டிருப்பாள். ஆமாம், போட்டிருப்பாள். ஒரு ஆள் முடியாது என்று சொல்வதற்குக் காலுக்குக் கீழே ஒரு வரி தரை வேண்டும். அந்தத் தரையைத்தான் அவள் பதினொரு நாளாகப் போட்டாள்.

டொக். ஆறா, ஏழா? முன்னால் திரையில் எட்டு என்று ஒளிர்ந்தது. எட்டா? ஏழை யார் கொண்டுபோனார்கள்? தூதரின் கை மேசையில் இருக்கிறது, ஒரு சாண், அதே ஒரு சாண். காபியைக் கொட்டிவிடலாமா பலகையின் மேல்? மயக்கம் போட்டு விழுந்தால்? விழுந்தால் கூட்டத்தை நிறுத்துவார்கள், நிறுத்தினால் தலைநகரிலிருந்து இன்னொரு போன் வரும். விழாதே. உட்கார். எட்டு, டொக். “ஒன்பதாம் பத்தி” என்றார் தலைவர், கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு. மண்டபத்தில் தாள் புரளும் சத்தம் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் அடங்கியது. முதல் வாக்கியத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். தன் வாக்கியத்தை வேறொரு வாய் படிக்கக் கேட்பது குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிற மாதிரி இருந்தது, கணுக்கால், முழங்கால், இடுப்பு, நீதிமன்ற உத்தரவு இல்லாமல், நெஞ்சு, ஒரு பெயரையும், கழுத்து. “எதிர்ப்பு உண்டா?” மூன்றாவது வரிசையில் சாம்பல் தாடிக்காரர் திரும்பினார். கொர்வேல் பலகையைப் பார்த்தார். ஓ, அவருக்குத் தெரிந்திருக்கிறது. போன் யார் மூலமாக வந்ததென்று இப்போது புரிந்தது, உருளைக்கிழங்கு வேகிற நேரத்துக்குள் இரண்டு தலைநகரங்கள் பேசி முடித்திருக்கின்றன. அவர் புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார். தூதரின் கை நகர்ந்தது. ஒரு சாண் அரைச் சாணாயிற்று. விரல்கள் பலகையின் விளிம்பைத் தொட்டன. தூக்கினார். போச்சு. போச்சு, மார்லேன், போச்சு, நாற்பத்து மூன்று பேரும் இரண்டாவது தடவை மூழ்குகிறார்கள் என்று அவள் கண்ணை மூடப் போனாள், மூடவில்லை, ஏனென்றால் பலகை மேசையில் நிமிரவில்லை. மேசையை விட்டே போனது. தூதர் அதை மெதுவாகத் தன் மடியில் வைத்துக்கொண்டார், கைக்குழந்தையை வைத்துக்கொள்கிற மாதிரி, அதன் மேல் இரண்டு கையையும் மடித்து வைத்துக்கொண்டு, நேரே முன்னால், சாம்பல் தாடிக்காரரின் கண்ணுக்குள்ளேயே பார்த்தார். ஒரு நொடி. இரண்டு. மூன்று. இத்தனை நீளமான மூன்றை அவள் வாழ்க்கையில் எண்ணினதில்லை. தாடிக்காரரின் புருவம் இறங்கியது. அவர் பலகையும் நிமிரவில்லை. நிமிர்த்தினால் முதல் வாக்கியமும் சேர்ந்து போகும் என்று அவருக்குத் தெரியும். “எதிர்ப்பு இல்லை,” என்றார் தலைவர், “நிறைவேறியது.” டொக்.

அந்த டொக் அவள் முதுகெலும்பில் ஏறி உச்சந்தலை வழியாக வெளியே போனது. எங்கோ பின்னால் ஒரு தீவுக்காரர் மேசையைத் தட்டினார், இன்னொருவர் தட்டினார், இடையில் கைதட்டக் கூடாது என்பது விதி, மேசை தட்டக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது, இருபது மேசை, முப்பது மேசை, மழை வந்து தகரத்தில் விழுகிற மாதிரி மண்டபம் முழுக்க, தலைவர் சுத்தியலைத் தூக்கி அடக்கப் போய் அடக்காமல் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். குடைக்குள் இடம் கொடுத்த ஆப்பிரிக்கக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். அமலோற்பவம் தட்டவில்லை. அழவும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள், அந்தச் சொல் அவளுக்குச் சரியான அளவில் இருந்தது, எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொளதொளக்கவில்லை. ஜெயித்துவிட்டேன். பத்தாம் பத்தி வந்தது, ஒரு நாட்டுக்காரருக்கு அதில் ஒரு காற்புள்ளி பிடிக்கவில்லை, காற்புள்ளியைப் பற்றி ஏழு பேர் பேசத் தயாரானார்கள், பேசட்டும், நூறு வருஷம் பேசட்டும், அந்தக் காற்புள்ளிகூட இன்றைக்கு அழகாக இருந்தது. அவள் மடிக்கணினியைத் திறந்து ஊர்ப் பட்டியலுக்குள் போனாள். மார்லேனுடைய தளத்தின் பெயர் அங்கேயே, நீக்கப்பட்டவை என்ற குறியோடு கிடந்தது. தளம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, மார்லேன் அதை மூடவே இல்லை என்று அவளுக்குத் தெரியும், வழிதான் இல்லை. விரல் நின்றது. முன்னால் குனிந்தாள். “சார், ஒரு பெயரைத் திரும்ப வைக்கணும். இந்தச் சட்டம் ஊருக்கு வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும்...” தூதர் திரும்பாமலே கேட்டார், “எந்தச் சட்டத்தின்படி எடுத்தீர்கள்?” “சட்டமெல்லாம் இல்ல சார். ஒரு வரி உத்தரவு.” “சட்டம் இல்லாமல் எடுத்த பொருளை அதன் இடத்தில் வைப்பதற்கு மட்டும் சட்டம் வர வேண்டுமோ?” அவள் வைத்தாள். இந்தத் தடவையும் எச்சில் விழுங்குகிற நேரம்தான் ஆனது, ஆனால் இந்தத் தடவை அந்த நேரம் முழுவதும் அவள் அங்கே இருந்தாள், விரல் நுனியில் இருந்தாள். பத்து நிமிஷத்துக்கெல்லாம் பக்கம் திறந்தது. மார்லேனுக்கு ஒரு செய்தி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்: இயந்திரக் கோளாறு இல்லை, நான்தான் எடுத்தேன், நானே வைத்துவிட்டேன், சட்டம் வந்தபின் உங்களுக்குத் தெரிவிக்காமல் யாரும் எடுக்க முடியாது, அதுவரை நான் எடுக்கமாட்டேன், மன்னிப்புக் கேட்க வேண்டியது நான். அனுப்பினாள். மடிக்கணினியைத் தூதரின் பக்கம் திருப்பிவைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையில் விரல் வைத்து, ஒவ்வொரு பெயராக வாய்க்குள் படிக்க ஆரம்பித்தார், பெயர், வயது, ஊர், படகு. யாரையும் தாண்டவில்லை. மேசையில் அவருடைய போன் ஒளிர்ந்து அதிர்ந்தது, தலைநகர எண். அவர் விரலைத் திரையிலிருந்து எடுக்காமல் இடது கையால் போனைக் காதில் வைத்தார். செயலாளர் பேசுவது அவளுக்கே கேட்டது, தூங்கிவிட்டீர்களா, உடம்பு சரியில்லையா, காதில் மாட்டின கருவி வேலை செய்யவில்லையா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், அமைச்சரிடம் நான் அதையே சொல்லிவிடுகிறேன். “தூங்கவில்லை,” என்றார் தூதர் தீவின் மொழியில், சத்தத்தைத் தாழ்த்தாமல், முன்வரிசை திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. “உடம்பும் நன்றாக இருக்கிறது. தெரிந்தே செய்தேன். அமைச்சரிடம் அப்படியே சொல்லுங்கள். திரும்ப அழைப்பதானால் அழைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குக் காலை விமானத்திலேயே வந்துவிடுகிறேன். இப்போது கொஞ்சம் வேலையாக இருக்கிறேன்.” போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையில் கொஞ்சம் தடுமாறி அவளிடம் கேட்டார்: “எதுவரை வந்தேன், அம்மையார்?” “பதினேழு சார்.” அவர் பதினெட்டாம் பெயரைப் படித்தார்.